தொங்கல் கணக்கில் ஒன்பது பெயர்

2009 பெப்ரவரி 2, திங்கள்

காலையில் தூறல். குடைக் கம்பி ஒன்று முறிவு. மாற்ற வேண்டும்.

எங்கள் கிளைக் கந்தோருக்குக் கொழும்பிலிருந்து நாலு கொம்பியூட்டர் வந்து இறங்கியது. வழியில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பெட்டியை அறுத்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். மூன்று நிறத்தில் ஒட்டுநாடா. காசாளர் யோகன் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு மவுஸ் குறையுது மிஸ். ஆமிக்காரன் என்னெண்டு நினைச்சு எடுத்தானோ?" என்றான். மெல்லப் பேசச் சொன்னேன்.

கூடவே தலைமை அலுவலகத்தின் (இனி த.அ.) கடிதம். ஆங்கிலத்தில் நாலு பக்கம். சாரம்:

– மாதமுடிவுக் கணக்கு இனி ஐந்து வேலை நாளில் முடிய வேண்டும்.
– கையால் எழுதும் பேரேடு மார்ச்சோடு நிறுத்தம்.
– எல்லாக் கிளையும் ஒரே கொம்பியூட்டர் முறைக்குள்.
– அதற்கு முன் பழைய நிலுவைகள் எல்லாம் துப்புரவு.

இப்போது நடப்பது: மாதம் முடிந்ததும் கணக்கு உதவியாளர் நானும் யோகனும் காசுப் புத்தகத்தையும் பேரேட்டையும் ஒப்பிடுவோம். எட்டுத் தாளில் பிரதி எழுதிப் பொதி கட்டி பஸ்ஸில் அனுப்புவோம். பத்தாம் திகதி கொழும்பு போய்ச் சேரும். பாதை மூடினால் பதினைந்து. அங்கே இன்னொருவர் அதை முதலிலிருந்து தட்டுவார். காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்கு ஒரு மாதத்தின் லாபநட்டம் தெரியவர அடுத்த மாதமும் முடிந்துவிடும். மாற்றம் வேண்டாம் என்று சொல்ல நான் யார். வலக்கைப் பெருவிரல் மூட்டு வருடத்தில் பாதி நாள் வீக்கம்.

ஆனால் 'துப்புரவு' என்ற அந்தச் சொல். நாலாம் பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில்.

மகள் கீர்த்தியின் வகுப்புக் காசு நாளை கடைசி. மண்ணெண்ணெய். குடை.

பெப்ரவரி 11, புதன்

வெயில் திரும்பியது.

த.அ.விலிருந்து தர்ஷினி வந்திருக்கிறாள். கொழும்பு வெள்ளவத்தைப் பிள்ளை, இருபத்தாறு வயது இருக்கும், பட்டயக் கணக்காளர். எங்களைப் புது முறைக்கு மாற்றுவது அவள் பொறுப்பு. வாவிக்கரை விடுதியில் அறை. வந்த கையோடு என்னிடம், "அக்கா, இங்க ஷெல் சத்தம் கேட்குமா?"

"இப்ப இல்ல. இப்ப எல்லாம் வன்னியில" என்றேன்.

சொன்ன பிறகுதான் யோகன் பின்னால் நிற்பது தெரிந்தது. அவனுடைய அக்கா குடும்பம் அங்கேதான், புதுக்குடியிருப்பில். மார்கழிக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவன் எண்ணிய காசுக் கட்டையே திரும்ப எண்ணினான்.

தர்ஷினி கெட்டிக்காரி. நான் இரண்டு நாள் எடுக்கும் ஒப்பீட்டை அரை மணியில் செய்து காட்டினாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பின்னேரம் பழைய பேரேட்டைப் புரட்டிக்கொண்டு இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இந்த ஒன்பது லைன் ஏன் ஒவ்வொரு மாசமும் அப்படியே வருது?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பெப்ரவரி 12, வியாழன்

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். ஒருமுறையாவது முழுதாக.

தொங்கல் கணக்கு (தொ.க.) என்பது எங்கே சேர்ப்பது என்று முடிவாகாதவற்றைப் போட்டுவைக்கும் இடம். எங்கள் கிளையின் தொ.க.வில் ஒன்பது வரி. ஒன்பது பெயர். 2005 தையிலிருந்து நாற்பத்தொன்பது மாதமாக அவற்றை ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குக் கையால் தூக்கிக்கொண்டு போவது நான்.

என் கணவர் ரவீந்திரன் இதே கம்பனியின் முகவர். கடலோர நாவலடி இவருடைய பகுதி. 2004 மார்கழியில் அங்கே ஒன்பது பேரின் ஆயுள் காப்புறுதியில் ஒரு தவணை பிந்தியிருந்தது. சலுகை நாள் 25ஆம் திகதியோடு முடிவு. அது கடந்தால் காப்புறுதி செல்லாது. மீன் விற்ற காசு கையில் இருக்கும்போதே கட்டட்டும் என்று இவர் 24, 25 இரண்டு நாளும் வீடு வீடாகப் போனார். ஒன்பது பேரும் கட்டினார்கள். சனி பின்னேரம் நாவலடியில் தன் தாயார் வீட்டிலிருந்து எனக்குப் போன். பெயரும் பற்றுச்சீட்டு இலக்கமும் ஒவ்வொன்றாகச் சொன்னார், திங்கள் காலை வங்கியில் போட நான் தாள் நிரப்பிவைக்க. எழுதினேன்.

"அம்மா விடுறா இல்ல. இண்டைக்கு இஞ்ச படுத்திட்டு நாளைக்கு வாறன்."

நாளை என்பது ஞாயிறு, 26.

இவர், மாமி, பை, காசு, பற்றுச்சீட்டுப் புத்தகம், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஒன்பது பேரும் கடலோடு.

நேரத்துக்குக் கட்டியிருந்த மற்ற ஆட்களின் குடும்பங்களுக்கு அடுத்த வருடமே காசு வந்தது. இந்த ஒன்பதுக்கும் த.அ. பதில்: கடைசித் தவணை கம்பனிக்கு வந்து சேரவில்லை. முகவர் கையில் கொடுத்தார்கள் என்று நான் எழுதினேன். சாட்சி என்ன என்றார்கள். அந்த முகவரின் பெண்சாதி கையெழுத்தில் ஒரு தாள். விசாரணை முடியும்வரை தொ.க.வில் போடச் சொன்னார்கள். விசாரணைக்கு ஒருவரும் வரவில்லை.

தர்ஷினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஏதாவது வழி இருக்கும் அக்கா."

நல்ல பிள்ளை. நாலு வருடமாக நிறைய நல்ல ஆட்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

பெப்ரவரி 27, வெள்ளி

மாதக் கடைசி வெள்ளி. பாக்கியம் அக்கா வரும் நாள். ஒன்பது குடும்பத்தில் இன்னும் வந்து கேட்பது இவ மட்டும். இப்போது திராய்மடுவில், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டில். இரண்டு பெண் பிள்ளைகள். வாவி இறால் விற்றுச் சீவியம்.

"என்ன புள்ள, இந்த மாசமும் அப்பிடித்தானா?"

"அப்பிடித்தான் அக்கா."

"செரி. பேர் கிடக்கா?"

"கிடக்கு."

"காட்டன்."

பேரேட்டைத் திருப்பி வைத்தேன். மூன்றாவது வரி, செல்லத்துரை. அவவுடைய மனுசன். விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தா. திருப்தியாகத் தலையாட்டினா. இவ்வளவுதான், மாதா மாதம்.

போன பிறகு தர்ஷினி, "புது சிஸ்டத்துல ஸ்கிரீனை வெளி ஆளுக்குக் காட்டக் கூடாது அக்கா" என்றாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. விதி அப்படி.

மேசையில் இறால் பை. எத்தனை முறை சொன்னாலும் வைத்துவிட்டுப் போகிறா. யோகனிடம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

கரண்ட் இரண்டு முறை போனது. ஜெனரேட்டரில் எண்ணெய் இல்லை. தட்டிய பாதி அழிந்து மறுபடி.

இன்று துப்புரவுத் திரை திறந்தோம். தொ.க. வரி ஒவ்வொன்றையும் மூடுவதற்கு ஒரு காரணம் தெரிவுசெய்ய வேண்டும். நாமாக எழுத முடியாது. பட்டியலில் நாலு காரணம்தான். இரட்டைப் பதிவு. வங்கிப் பிழை. தவணை பெறப்படவில்லை. முகவர் கையாடல்.

முதல் இரண்டும் இதற்குப் பொருந்தாது.

"பெறப்படவில்லை எண்டு போட்டா?"

"கிளெய்ம் தானா ரிஜெக்ட் ஆகும் அக்கா. ஃபைல் முடிஞ்சுது."

"மற்றது?"

மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சட்டப்படி முகவர்ட்ட குடுத்தா கம்பனிட்ட குடுத்த மாதிரி. முகவர் வாங்கினார், தான் எடுத்துக்கொண்டார்னு நாங்க ஒத்துக்கொண்டா கம்பனி அந்தக் குடும்பங்களுக்குக் கட்டத்தான் வேணும்."

"வாங்கினார் எண்டு மட்டும் போட ஏலாதா?"

"வாங்கினா அந்தக் காசு எங்கன்னு சிஸ்டம் கேட்கும்."

"கடலுக்குள்ள எண்டு ஒரு காரணம் சேர்க்கச் சொல்லுங்க."

சிரிக்கவில்லை அவள். கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

மார்ச் 18, புதன்

வெக்கை. வாவியில் நீர் இறங்கிக் கரையில் சேற்று மணம்.

த.அ. பதில். காரணப் பட்டியல் எல்லாக் கிளைக்கும் பொது, அது முடித்துப் பூட்டியாயிற்று, ஒரு கிளைக்காக மாற்ற இயலாது. மாதக் கடைசிக்குள் தொ.க. பூச்சியமாக வேண்டும், கணக்காய்வாளர் கேட்கிறார். 'ஏனையவை' என்று ஒரு காரணம் முதலில் இருந்ததாம். "எல்லாக் கிளையும் எல்லாத்தையும் அதுக்குள்ளயே தள்ளுவாங்கன்னு எடுத்திட்டாங்க அக்கா" என்றாள் தர்ஷினி. நியாயம்தான். நானும் தள்ளியிருப்பேன்.

ஹனீபா சேர் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் மனேஜர், காத்தான்குடி. கதவைச் சாத்தினார்.

"மிஸ், நான் உங்களுக்கு இதச் செய்ங்க அதச் செய்ங்க எண்டு சொல்ல மாட்டன். ரவி தம்பிய எனக்குப் பதினெட்டு வருசமாத் தெரியும். ஒரு சதம் எடுத்திருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியாதே."

"நீங்க எண்டா எதப் போடுவீங்க சேர்?"

பேனை மூடியைத் திருகினார். "நான் எண்டா லீவு போட்டிருப்பன்" என்றார்.

உண்மையாகச் சொன்னதால் கோபம் வரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

துணி தோய்ப்பு. கீர்த்தி படிப்பு. ஓகஸ்ட்டில் உயர்தரப் பரீட்சை. வர்த்தகப் பிரிவு. கணக்கியலில் வகுப்பில் முதல்.

நாள் முழுக்க யோசனை. இவர் மேலும் கோபம். யார் யாருடைய காப்புறுதியோ செத்துவிடக் கூடாது என்று இரண்டு நாள் நடந்த மனுசன் அன்று ஒரு வள்ளம் பிடித்து வீட்டுக்கு வந்திருக்கலாம். அரை மணித் தூரம். தாய் ஒரு சொல் சொன்னதும் படுத்துவிட்டார்.

எழுதிய பிறகு வெட்கம். அழிக்கவில்லை.

கீர்த்தியிடம் சொல்லவில்லை. பரீட்சை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் சரி.

மார்ச் 31, செவ்வாய்

செய்துவிட்டேன்.

ஒன்பது முறை அதே காரணம். ஒவ்வொரு முறையும் 'உறுதியா?' என்று கேட்கிறது. ஓம் என்று அழுத்தினால்தான் அடுத்த வரி. செல்லத்துரைக்கு வந்தபோது கை நின்றது. பிறகு அழுத்தினேன். கடைசியில் ஒரு கூற்றில் கையொப்பம்: மேற்படி தொகையை முகவர் பெற்றுக் கம்பனியிடம் ஒப்படைக்கவில்லை, இது என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

பெற்றார். ஒப்படைக்கவில்லை. எழுத்தளவில் பொய் இல்லை. மேலே தலைப்பில்தான் 'கையாடல்'.

ஹனீபா சேர் பக்கத்தில் ஒப்பம் வைத்தார். வாசிக்காமல் வைத்தார்.

தொ.க.: 0.00. திரையில் பச்சை நிறம். தர்ஷினி வாழ்த்துச் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டாள். நாளை காலை பஸ் அவளுக்கு. போகும்போது கையைப் பிடித்தாள்.

வழியில் குடைக் கம்பி மாற்றினேன். தைத்தவன் கேட்டதைக் கொடுத்தேன்.

ஏப்ரல் 8, புதன்

புது முறையில் முதல் மாதமுடிவு. ஆறாவது வேலை நாள். ஒரு நாள் பிந்தியதற்குக் காரணம் கரண்ட்.

பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வேலை செய்கிறது. எட்டுப் பிரதி இல்லை, பொதி இல்லை, பஸ் இல்லை. கூட்டல் பிழை தேடி இரண்டு நாள் இல்லை. பெருவிரல் வீக்கம் வற்றிவிட்டது. யோகன் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறான். இதே சாமானை வேறு ஒரு வருடத்தில் கொண்டுவந்து தந்திருந்தால் கற்பூரம் காட்டியிருப்பேன்.

பேரேடு தேவையில்லை, கட்டி மேலே வைக்கச் சொன்னார்கள். கட்டினேன்.

பாக்கியம் அக்கா மாதக் கடைசிக்குக் காத்திராமல் நேற்று வந்தா; காட்ட ஒன்றும் இல்லை. "கொழும்புக்குப் போயிட்டு அக்கா, வரும்" என்று மட்டும் சொன்னேன். முகம் வாடிப் போனா. பெயர் அழிந்துவிட்டதோ என்று அவவுக்குச் சந்தேகம்.

மே 6, புதன்

மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கியது. கண்ணெல்லாம் எரிவு.

வேலை முடிந்து வர, கீர்த்தி முன்கதவில் நின்றாள். கையில் கடிதம்.

"அம்மா, அப்பாட பேருக்குக் கடிதம் வந்திருக்கு."

நாலு வருடத்துக்கு மேலாக இவர் பெயருக்கு ஒன்றும் வந்ததில்லை. பிரித்து வாசித்திருந்தாள். ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும் அவளுக்கு. திரு. ரவீந்திரன் அவர்களுக்கு, தாங்கள் கையாடல் செய்ததாகப் பதிவான தொகையைப் பதினான்கு நாட்களுக்குள் செலுத்தவும், தவறினால் பிணைக்காரரிடமிருந்து அறவிடப்படும். கீழே: கணினியால் ஆக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை.

முகவராகச் சேர்ந்தபோது இவருக்குப் பிணை வைத்தது நான். பிரதி எனக்கும் வரும். சம்பளத்தில் இருபது மாதம் வெட்டு. அது போகட்டும்.

"ஆரம்மா இப்பிடிப் பதிஞ்ச?"

"நான்தான்."

ஒரு நிமிடம் விளங்கவில்லை அவளுக்கு. பிறகு விளங்கியது.

"அப்பா எடுத்தார் எண்டு நீங்க நம்புறீங்களா?"

"இல்ல."

"அப்ப ஏன்?"

சொன்னேன். ஒன்பது குடும்பம், நாலு காரணம், மாதக் கடைசி, எல்லாம். கேட்டு முடித்துவிட்டு, "ஒன்பது பேருக்குக் காசு குடுக்கிறதுக்கு அப்பாவ வித்திட்டீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் தன் பள்ளிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

தர்ஷினிக்குப் போன் எடுத்தேன். "அக்கா, அந்த லெட்டர் தானாப் போகும்னு எனக்கே தெரியாது. சத்தியமா." நம்புகிறேன். ஒருவருக்கும் தெரியாமல்தான் எல்லாம் போகிறது.

மே 19, செவ்வாய்

காலையிலிருந்து பட்டாசு. சண்டை முடிந்துவிட்டதாம்.

சந்திச் சாவடியில் ஆமிக்காரர் கொண்டாட்டப் பாற்சோறு கொடுத்தார்கள். பஸ்ஸில் வந்த எல்லாரும் வாங்கினார்கள். நானும் வாங்கினேன். கந்தோர்வரை கையில் வைத்துக்கொண்டு நடந்து, பின்பக்கம் போய்க் காகத்துக்கு வைத்தேன். கந்தோரில் தேசியக் கொடியைக் காணவில்லை என்று ஹனீபா சேருக்குப் போன் வந்தது. தானே போய் ஒன்று வாங்கி வந்து ஜன்னலில் கட்டினார். முடிச்சு விழவில்லை. மூன்று முறை கட்டினார்.

யோகன் வேலைக்கு வந்திருந்தான். ஒரே இலக்கத்தைப் போனில் திரும்பத் திரும்ப அழுத்தினான். வாடிக்கையாளர் ஒருவரும் வரவில்லை. "வீட்ட போயன் தம்பி" என்றேன். "வீட்ட அம்மா கேப்பா மிஸ். இஞ்ச ஆரும் கேக்க மாட்டாங்க."

பகல் த.அ.விலிருந்து மின்னஞ்சல். ஏப்ரல் கணக்கை நாலரை நாளில் முடித்த எங்கள் கிளைக்குப் பாராட்டு.

வீட்டில் கீர்த்தி ஒன்றும் பேசவில்லை. இரண்டு கிழமையாக இப்படி. சோறு போட்டால் சாப்பிடுகிறாள், கேட்டால் தலையாட்டுகிறாள்.

மே 27, புதன்

காற்றுக்கு ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது.

த.அ. சுற்றறிக்கை: வடக்கு திறக்கிறது, புதிய காப்புறுதிக்கு நல்ல காலம், கிளிநொச்சிப் பக்கம் போய் வேலை செய்ய விருப்பமானவர்கள் பெயர் தரவும். எல்லாருடைய திரையிலும் ஒரே நேரம் வந்து விழுந்தது. யோகன் வாசித்தான்.

"அங்க இப்ப ஆக்கள் ஆர் இருக்கிறாங்க எண்டு கேட்டு எழுதுங்க மிஸ். நானும் அறியத்தான்."

ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

ஜூன் 5, வெள்ளி

காசோலை ஒன்பதும் வந்தது. உண்மையிலேயே வந்தது. எண்ணிப் பார்த்தேன், பெயர் ஒவ்வொன்றும் வாசித்தேன், எழுத்துப் பிழை இல்லை. நாலு வருடத்தில் முதல் தடவை நெஞ்சுக்குள் ஒரு காற்று.

ஆள் அனுப்பிச் சொன்னோம். எட்டுக் குடும்பமும் வந்து ஒப்பம் வைத்து வாங்கிப் போனார்கள். ஒரு கிழவர் என்னைக் கும்பிட்டார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

கடைசியாகப் பாக்கியம் அக்கா. காசோலையோடு ஒரு துண்டு இணைப்பு இருக்கிறது, மூன்று மொழியில். மற்றவர்கள் பார்க்காமல் மடித்தார்கள். இவ எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஆள்.

"இதென்ன புள்ள போட்டிரிக்கி? வாசி."

வாசித்தேன்.

"கேக்கல்ல. சத்தமா வாசி."

"முகவர் கையாடல் தொடர்பான கொடுப்பனவு."

வேறு அலுவலாக வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"ஆர் எழுதின இத?"

"நான்தான் அக்கா. இப்பிடிப் போடாட்டி உங்களுக்கு ஒண்டும் கிடைச்சிருக்காது."

"எங்கட ஆள் காசு குடுக்கக்குள்ள நான் பக்கத்துல நிண்டன். மிச்சம் இருவது ரூவா வச்சிக்கங்க எண்டு சொல்லியும் கேளாம, சில்லற மாத்தித் தந்திட்டுப் போன மனுசன். அவர்ர பேர் கெட ஆரும் கதைச்சா நான் சண்ட பிடிச்சிரிக்கன், தெரியுமா ஒனக்கு? இப்ப நீ, பொண்டாட்டி, எழுதி வச்சிரிக்காய்."

துண்டைத் திரும்ப மடித்தேன்.

"எங்களுக்கிட்ட ஒரு சொல் கேட்டியா நீ?"

கேட்கவில்லை. ஒன்பது குடும்பத்தில் ஒருவரிடமும் கேட்கவில்லை. திரையைக் கேட்டேன், தர்ஷினியைக் கேட்டேன், த.அ.வைக் கேட்டேன். பஸ் ஏறி இருபது நிமிடம் போனால் திராய்மடு. தோன்றவே இல்லை.

அவ காசோலையை மடித்து இடுப்பில் செருகினா. "கூர ஒழுகிது. இல்லாட்டி ஒன்ட முகத்திலயே எறிஞ்சிட்டுப் போயிரிப்பன்."

போய்விட்டா. இறால் பை இல்லை இன்று.

ஜூன் 16, செவ்வாய்

சம்பளத்தில் முதல் வெட்டு. சம்பளப் பதிவு என் வேலை, ஆகவே நானே தட்டினேன்.

பின்னேரம் கீர்த்தி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் செக் காசா மாறிட்டா?"

ஆறு கிழமையில் முழுதாகப் பேசிய முதல் வசனம். "ஓம் மகள். எல்லாம் மாறி முடிஞ்சுது. வங்கியில பாத்தன்."

"இனிக் கம்பனி திருப்பி எடுக்க ஏலுமா?"

"ஏலாது எண்டுதான் நினைக்கிறன். அவங்க ஒரு பொய்யும் சொல்லல்லயே."

தலையாட்டினாள். பிறகு என்னோடு இருந்து சாப்பிட்டாள். மணலை மீன், முருங்கைக்காய். பரீட்சை அட்டவணை பற்றிக்கூட இரண்டு சொல். சட்டி கழுவும்போது எனக்குப் பாட்டு வந்தது. அவள் மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன்.

ஜூன் 30, செவ்வாய்

மாதமுடிவு. காலையிலேயே வெக்கை. வங்கித் தாள் பத்து மணிக்கு வந்தது, ஒப்பீடு தொடங்கினேன்.

பதினொரு மணியளவில் கீர்த்தி கந்தோருக்கு வந்தாள். பள்ளிச் சீருடை. என் மேசைக்கு வரவில்லை. வரிசையில் நின்றாள். முன்னால் மூன்று பேர்.

யோகன், "என்ன தங்கச்சி, அம்மாவக் கூப்பிடவா?"

"இல்ல. கம்பனிக்கு ஒரு கடிதம் குடுக்கணும்."

வரும் கடிதங்களை வாங்கிப் பதிவது என் வேலை. எழுந்து போனேன். இரண்டு பிரதி நீட்டினாள்.

"ஒண்டில திகதி முத்திரை குத்தித் தாங்க மிஸ்."

மிஸ் என்றாள்.

நின்றபடியே வாசித்தேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லை. என் தந்தை உங்கள் முகவர். இறந்த நாளில் அவரிடம் இருந்த காசு உங்களிடம் கொண்டுவருவதற்காக அவர் வாங்கியது. அவர் கையாடினார் என்று மார்ச் 31ஆம் திகதி உங்கள் கிளையில் கொடுக்கப்பட்ட கூற்று பொய். கொடுத்தவருக்கு அது பொய் என்று தெரியும். அவர் என் தாய். காப்புறுதிக்காரர்களின் குடும்பங்களுக்கு இந்தப் பொய்யில் பங்கில்லை. என் தந்தையின் பெயரை எடுத்துவிடவும். எடுக்காவிட்டால் ஏன் என்று எழுதவும், ஒரு மனிதரின் கையொப்பத்தோடு.

தலை நிமிர்ந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முத்திரை எந்தப் பக்கம் போகிறது என்று.

குத்தினேன். இரண்டிலும். அவளுடைய பிரதியைக் கொடுத்தேன்.

"நன்றி மிஸ்."

கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் போனாள்.

பதிவேட்டில் இலக்கம் போட்டேன். அனுப்பியவர்: ர. கீர்த்தனா. பொருள் என்ற இடத்தில் நேரம் எடுத்தது. 'கணக்கு உதவியாளரின் பொய்க் கூற்று' என்று எழுதினேன்.

ஹனீபா சேர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். இந்த முறை வாசித்தார். கதவைச் சாத்தவில்லை.

"இது போனா உங்கட வேல போகும் மிஸ். என்ட ஒப்பமும் அதில கிடக்கு. வேணுமெண்டா என்ட மேச லாச்சிக்குள்ள கிடக்கட்டும், பிள்ளைட பரீட்ச முடியட்டும்."

"அனுப்புங்க சேர்."

"இண்டைக்கேவா?"

"இண்டைக்கே."

அவர் கடித உறையை எடுத்தார். விலாசம் நான் எழுதினேன். மூன்று மணித் தபாலில் போய்விட்டது.